ஆறரை மணிச் சொட்டு

“அது வெறும் நல்லெண்ணெய்தான் கிரிஜா. கொஞ்சம் வேப்பிலையக் கசக்கி விட்டுட்டேன், கசக்கணும்ல? பாவம், அதுங்க டெய்லி உக்காந்து நாலு சொட்டு எண்ணிக்கிட்டு இருக்குதுங்க.”

சித்தி இதைச் சொல்லிச் சிரித்தது முதல் மாடியில், கிரிஜா அக்கா வீட்டு வாசலில். நான் அதற்குக் கீழே, படிக்கட்டு திரும்பும் இடத்தில், கையில் பால் பாக்கெட்டோடு நின்றேன். பாக்கெட்டின் குளிர் விரல் வழியாக ஏறியது. கிரிஜா அக்கா, “நீ கெட்டிக்காரி செல்வராணி” என்றாள். பிறகு இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. நான் அப்போது என்ன செய்தேன் என்பதை இப்போது, இந்த அறையில், அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு நினைத்துப் பார்க்கிறேன், முகம் சூடாகிறது. நான் சத்தமில்லாமல் இறங்கிப் போனேன். ஹவுசிங் போர்டு வாசலில் நிற்கும் வண்டிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு செருப்பைத் தரையில் அடித்து அடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடி ஏறினேன். நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று. அவளுக்குச் சங்கடமாக இருக்குமே! அம்மாவின் வாயில் பத்து நாளாக மருந்துக்குப் பதில் வேப்பிலை கசக்கிய எண்ணெயை விடச் செய்தவளுக்கு. “வா கண்ணு, பால் கெடச்சுதா?” என்று கேட்டாள். “கெடச்சுது சித்தி” என்றேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். என் உதடு தானாக அப்படித்தான் போகும், யாரைக் கண்டாலும். இருபத்து நான்கு வருடப் பழக்கம். அந்த உதட்டைக் கிள்ளி எறியலாம்போல் இருக்கிறது.

ஐந்து நாற்பது. சுவர்க் கடிகாரம் அம்மாவின் தலைக்கு நேர் எதிரில் இருக்கிறது. அம்மா நாள் முழுதும் பார்ப்பது அதைத்தான். இந்த நேரத்துக்குத்தான் கெண்டைக்கால் இறுக ஆரம்பிக்கும், உள்ளே யாரோ கயிறு முறுக்குவதுபோல. கையை வைத்தால் தேங்காய் ஓடு. அம்மா கத்த மாட்டாள், கத்த முடியாது. குரல் போய் ஏழு மாதம் ஆகிறது. மூக்கு விடைக்கும், கழுத்து நரம்பு எழும்பும், பற்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு பூட்டிக்கொள்ளும். நான் குதிகாலைப் பிடித்துப் பாதத்தை மேல்நோக்கி அழுத்துகிறேன், எண்ணிக்கொண்டே. முப்பது வரைக்கும் எண்ணினால் கொஞ்சம் இளகும், பிறகு அடுத்த காலுக்குப் போக வேண்டும், அதற்குள் இது மறுபடி முறுக்கிக்கொள்ளும். மோட்டார் நியூரான் நோய் என்று முதல்முதலாகச் சொன்ன டாக்டர், மூளைக்கும் தசைக்கும் நடுவே போகும் ஒயர் பட்டுப்போகிறது என்று காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். அறிவு அப்படியே இருக்கும், தொடுதல் தெரியும், வலி தெரியும், ருசி தெரியும் என்றார். அப்பா அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், ஏதோ மருந்துச் சீட்டுபோல. ருசி தெரியும். டாக்டர் அதைச் சொன்னபோது நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

சித்தி உள்ளே வந்துவிட்டாள். சமையலறையில் பாத்திரம் உருட்டுகிறாள். அவள் இருப்பது வீடு முழுக்கத் தெரியும். குழாய் ஓடும், டப்பா மூடி தெறிக்கும், அவள் பேசிக்கொண்டே இருப்பாள். “ஏங்க்கா, இன்னைக்கு ஏழரைக்குப் பூ வெக்க வர்றாங்க. மாப்ள வீட்ல இருந்து பதினோரு பொம்பளைங்களாம். பதினோரு பேருக்கு வீட்ல ஒக்கார எடம் ஏது? நான் வேணா நின்னுக்கறேன்னு சொல்லிட்டேன்.” பக்கத்துத் தெருவில் அவள் வீடு. மகள் பிரதீபாவுக்கு இடம் கூடி வந்திருக்கிறது. மாப்பிள்ளை பேங்கில், மாப்பிள்ளையின் தாய்மாமன் போலீஸில். இந்தத் தாய்மாமன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இப்போது புரிகிறது. மூன்று வாரத்துக்கு முன் அப்பாவிடம் அவள் கேட்டாள், “மாமா, அந்தப் பாட்டில்ல என்னென்னமோ எழுதிருக்கே, கஞ்சாதானாமே அது? யாராச்சும் வந்து பாத்தா?” அப்பா பாலித்தீன் கவரிலிருந்து சித்த வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக் காட்டினார், மருந்துக்காக முறையாக வாங்கியது, பில் இருக்கிறது, பயப்படாதே என்றார். சித்தி தலையாட்டினாள். ரொம்ப நல்லபடியாகத் தலையாட்டினாள். அன்றைக்கே முடிவு செய்திருப்பாள். எப்போது மாற்றினாள்? காலையில் அம்மாவைக் குளிப்பாட்டும்போதா? நான் கல்லூரிக்குப் போன பிறகுதான். நான் அங்கே மாணவிகளுக்கு மைக்ராஸ்கோப்பில் இலைத்துளை காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே அவள் முருங்கைக்கீரை கழுவுகிற தொட்டியில் எங்கள் மருந்தைக் கவிழ்த்திருப்பாள். குழாயைத் திறந்து விட்டிருப்பாள், வாசனை போகட்டும் என்று.

தாவரவியல் முதுகலை, முதல் வகுப்பு. அந்தச் செடியின் குடும்பம், இலையின் விளிம்பு, பூவின் அமைப்பு எல்லாம் படம் போட்டுப் பாகம் குறித்து எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுப் பாட்டிலில் இருப்பது வேப்பிலை என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தடவை முகர்ந்திருந்தால் போதும். பழைய எண்ணெய் கரும்பச்சை, ஈர வைக்கோலும் கசங்கின தழையும் கலந்த வாசனை, மூடியைத் திறந்தால் அறை முழுக்க நிற்கும். கொஞ்ச நாளாக வாசனை நிற்கவில்லை என்பதைக்கூட நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, பழகிப்போய்விட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எல்லாவற்றையும் கவனிப்பேன், அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். யார் எந்த வளையலை மாற்றினார்கள், யார் பேச்சை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று கவனித்துக் கவனித்து உள்ளே போட்டு வைப்பேன். வாயைத் திறந்து ஒன்றும் கேட்க மாட்டேன்.

இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. அடுத்த கால்.

நோயை நிறுத்தாது, காலை மட்டும் கொஞ்சம் இளக்கும், தூக்கம் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றுதான் வைத்தியர் சொன்னார். தினம் ஆறரைக்கு, நாக்குக்கு அடியில் நான்கு சொட்டு. பெரிதாக எதுவும் ஆசை காட்டவில்லை அவர். முதல் மூன்று நாள் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் சாயங்காலம் கடிகாரம் ஐந்தே முக்காலைத் தாண்டியது, ஆறைத் தாண்டியது, கால் இறுகவில்லை. நானும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, பார்த்தால் கெட்டுவிடும் என்பதுபோல. அந்த வாரம் அம்மாவின் தாடை இளகியது. ஸ்பூன் உள்ளே போகிற அளவுக்கு வாய் திறந்தது, ரசம் சாதத்தைக் கூழாக அடித்துக் கொடுத்ததில் பாதி உள்ளே போனது. ஒருநாள் அப்பா லுங்கி தடுக்கி வாளியில் கால் விட்டபோது அம்மா சிரித்தாள். நோயில் தானாக வருகிற சிரிப்பு இல்லை, அதற்கு முகம் வேறு மாதிரி கோணும். இது கண்ணில் ஆரம்பித்த சிரிப்பு. அப்பா வேண்டுமென்றே இன்னொரு தடவை வாளியில் கால் விட்டார். பன்னிரண்டு நாள். எங்களுக்கு அம்மா பன்னிரண்டு நாள் கிடைத்தாள். எண்ணிப் பார்க்கிறேன், பன்னிரண்டுதான். அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம்.

அந்தச் சாயங்காலத்தை நினைக்காமல் இருக்கத்தான் இத்தனை நேரம் எதை எதையோ நினைத்தேன். அன்றைக்கு நான்தான் சொட்டு விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அம்மா நாக்கை அசைத்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள், உடம்பு முழுக்கக் குலுங்கி, மூச்சு முட்டி. கண்ணை மேலே தூக்கித் தூக்கிக் காட்டினாள், எங்கள் கணக்கில் அட்டையை எடு என்று அர்த்தம். அட்டை என்பது பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம், அதில் எழுத்துகளை வரிசை வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். நான் வரிசைகளைப் படிப்பேன், வேண்டிய வரிசை வந்தால் அம்மா கண்ணை மேலே தூக்குவாள், பிறகு அந்த வரிசையில் எழுத்து எழுத்தாக. ஒரு சொல்லுக்கு மூன்று நிமிஷம், ஒரு வாக்கியத்துக்குக் கால் மணி. நான் அட்டையை எடுக்கப் போனேன். சித்தி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, “எதுக்குடி அத எடுக்கற? டாக்டருதான் சொன்னாருல்ல, அது நோயோட அழுக, தானா வரும் தானா போகும்னு. நீ பாட்டுக்கு எதையாச்சும் கேட்டு அவள இன்னும் அழ விடாத” என்றாள். டாக்டர் உண்மையாகவே அப்படிச் சொல்லியிருந்தார். காரணமில்லாமல் அழுவார்கள், காரணம் தேடாதீர்கள் என்று. எங்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது, அந்த ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு அம்மா அழுதால் நாங்கள் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. டவலை எடுத்துத் துடைப்போம். அன்றைக்கும் நான் டவலை எடுத்தேன். அட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். அம்மா என் கையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். நான் கண்ணையும் துடைத்தேன், வாயையும் துடைத்தேன். வாயோரம் இருந்த எண்ணெயையும் சேர்த்துத் துடைத்தேன்.

ஐந்து ஐம்பத்தைந்து. தாடை பூட்டிக்கொண்டது. பல் உரசும் சத்தம் கேட்கிறது, நறநறவென்று.

சித்தியை என்ன செய்யலாம்? ஏழரைக்குப் போகலாம். பதினோரு பெண்களும் உட்கார்ந்திருப்பார்கள், தாம்பாளத்தில் பூவும் பழமும் இருக்கும், போலீஸ் மாமனின் மனைவிக்கு நேராகப் போய் நிற்கலாம். “அத்தை, உங்க சம்பந்தியம்மா உடம்பு முடியாத தன் அக்காவுக்கு மருந்த மாத்தி வெச்சவங்க” என்று ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தை மனதுக்குள் ஆறு தடவை சொல்லிப் பார்க்கிறேன். ஆறு தடவையும் ‘அத்தை’ என்ற இடத்திலேயே குரல் நடுங்குகிறது. மனதுக்குள்ளேயே நடுங்குகிறது! அப்புறம் பிரதீபா. அவள் என்ன செய்தாள்? போன வருஷம் என் பிறந்தநாளைக்கு நகப்பூச்சு வாங்கிக் கொடுத்தவள். வேண்டாம், பிரதீபா வேண்டாம். பாட்டிலைச் சித்தியிடம் நீட்டி, “கெட்டுப்போச்சான்னு தெரியல, கொஞ்சம் நாக்குல வெச்சுப் பாருங்க சித்தி” என்று சொல்லலாம். அவள் என்ன செய்வாள்? நல்லெண்ணெய் என்று அவளுக்குத் தெரியும், பயமில்லை, ஆனால் பயப்படுவதுபோல் நடிக்க வேண்டும். ஐயோ கருமம் என்று கையை உதறுவாள். நன்றாக நடிப்பாள். நான்தான் சிரித்துவிடுவேன், அந்தப் பாழாய்ப்போன உதட்டால். அப்பாவிடம் சொல்லலாம். ஒன்பது மணிக்கு ஷிப்டு முடிந்து வருவார். சித்தி அழுவாள், எனக்குப் பயமா இருந்துச்சு மாமா என்பாள், அப்பா, சரி விடும்மா என்பார். எனக்குத் தெரியும், சரி விடும்மா என்பார். காலையில் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்துக் குளிப்பாட்டுகிறவள் அவள். மலம் அள்ளுகிறவள் அவள். மூக்கைச் சுளித்து நான் பார்த்ததில்லை. அவள் நாளையிலிருந்து வரமாட்டேன் என்றால் இந்த வீடு ஒரு நாள் நடக்காது. அது அவளுக்கும் தெரியும், அதனால்தான் படிக்கட்டில் நின்று சிரிக்க முடிகிறது. அம்மாவைத் தூக்குகிற அதே கை. இதைத்தான் என்னால் எந்தப் பக்கமும் தள்ள முடியவில்லை. கெட்டவளாக மட்டும் இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்.

“என்ன கண்ணு, பேயறஞ்ச மாதிரி ஒக்காந்திருக்க? இந்தா, காப்பி” என்று டம்ளரை நீட்டுகிறாள். “கால அப்புடிப் புடிக்காத, உருவி விடணும். நகரு. ஏங்க்கா, ரொம்ப இழுக்குதா? நான் அப்பவே சொன்னேன், அந்தக் கஞ்சாத் தண்ணியெல்லாம் ஒண்ணும் கேக்காதுன்னு. சின்னதுங்க கேக்குதுங்களா?” அம்மாவின் கெண்டைக்காலை இரண்டு கையாலும் வழித்து வழித்து உருவுகிறாள். நன்றாகத்தான் உருவுகிறாள். அம்மா கூரையைப் பார்க்கிறாள். “உங்கப்பா நாளைக்கு வைத்தியருக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்னாரு, பலன் இல்லீங்க, அடுத்த பாட்டில் வேண்டாம்னு. நல்லதாப் போச்சு போ.” அந்த ‘நல்லதாப் போச்சு’ காதில் முள்ளாக நிற்கிறது. நாளைக்கு அப்பா போன் செய்தால் அதோடு முடிந்தது. இந்தக் கால் இனி ஒவ்வொரு சாயங்காலமும் இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும், அம்மா இருக்கும்வரை, நாங்கள் எல்லாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம், முயற்சி செய்தோம், கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டு. நேற்று அம்மா அட்டையில் ஒரே ஒரு சொல் சொன்னாள். போதும். ‘போ’ வந்தவுடனே சித்தி, “போர்வையா? போத்தி விடணுமா?” என்று போர்வையை இழுத்தாள். அவள் எந்தச் சொல்லையும் முடியவிட்டதில்லை. முதல் எழுத்து வந்ததும் முந்திக்கொள்வாள், தண்ணியா, தலவலியா, தலகாணியா என்று, அம்மா கண்ணை மூடிக்கொள்ளும் வரைக்கும். நான் இரண்டாவது எழுத்துக்குக் காத்திருந்தேன். போதும் என்றால் வாழ்ந்தது போதும் என்று நினைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. இப்போது தோன்றுகிறது, வேறு எதற்கோ போதும் என்றாளோ.

பேசு. இப்போதே பேசு. சித்தி, நான் கேட்டுட்டேன். மூன்றே சொல். கல்லூரியில் அறுபது பெண்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்துகிறாயே, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டுதான் நடத்துகிறாய் என்றாலும் நடத்துகிறாயே. காப்பி தொண்டையில் இறங்குகிறது. சர்க்கரை சரியாகப் போட்டிருக்கிறாள், எனக்கு எத்தனை ஸ்பூன் என்று அவளுக்குத் தெரியும். இந்த டம்ளரை அவள் மேல் எறிந்தால் என்ன? கொதிக்கவில்லை, ஆறிவிட்டது. கோபப்படுவதற்குக்கூட எனக்கு எல்லாம் ஆறிய பிறகுதான் தோன்றும்.

ஆறரை.

சித்தி எழுந்து புடவையை உதறிக்கொள்கிறாள். தினமும் இந்த நேரத்துக்குப் பால்கனிக்குப் போய்விடுவாள், அந்தக் கருமம் என் கண்ணில் படக்கூடாது என்று. நான் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுக்கிறேன். கை பாட்டிலைத் தொடுகிறது, மனம், இதை ஏன் எடுக்கிறாய் என்கிறது, கை எடுத்துவிடுகிறது. அம்மா கண்ணை மேலே தூக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று முறை. அட்டை. நான் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அட்டையை எடுத்தேன். வரிசைகளைப் படித்தேன். முதல் எழுத்து அ.

“அலுப்பா இருக்காமா? படுக்க வெச்சிரு” என்றாள் சித்தி பால்கனி வாசலிலிருந்து.

நான் அடுத்த வரிசையைப் படித்தேன். வ. ள். என் விரல் அட்டையில் வழுக்கியது. பிறகு கை என்று வந்தது. யா. ல். அவள் கையால். அம்மா என்னைப் பார்க்கவில்லை, பால்கனி வாசலைப் பார்த்தாள். பத்து நாள். இந்தப் பத்து நாளும் அந்த நாக்குக்குத் தெரிந்திருக்கிறது. காலையில் தன் கண்ணெதிரே அலமாரி திறந்ததைப் பார்த்திருப்பாள், பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை என்ன? பார்த்துவிட்டு, ஆறரைக்கு வாயைத் திறந்திருக்கிறாள், தங்கை தானே வந்து சொல்லட்டும் என்று. ஒவ்வொரு நாளும்.

“சித்தி, அம்மா உங்க கையால குடுக்கச் சொல்றாங்க.”

“நானா? ஐயோ, எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல கண்ணு. நல்ல காரியத்துக்குப் போற நேரத்துல, அதப் போய்த் தொட்டுக்கிட்டு…”

“இதத் தொட்டா ஒண்ணும் ஆகாது சித்தி” என்றேன். என் குரல்தான் அது. நடுங்கியது, ஆனால் வெளியே வந்துவிட்டது. “இதுனால யாருக்கும் ஒண்ணும் ஆகாது. உங்களுக்கே தெரியும்.”

சித்தி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனியவில்லை. உதடும் சிரிக்கவில்லை. அவள் மெதுவாக வந்து கட்டிலில் உட்கார்ந்தாள், பாட்டிலை வாங்கினாள், ரப்பர் குமிழை அழுத்தி எண்ணெயை ஏற்றினாள். அம்மா பூட்டிக்கொண்ட தாடையை நெரித்து நெரித்து ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தாள். அவ்வளவுதான் முடிந்தது. கண்ணை மட்டும் தங்கையின் முகத்திலிருந்து எடுக்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்றாவது சொட்டு உதட்டில் விழுந்து மோவாயில் வழிந்தது. அறையில் நல்லெண்ணெய் வாசனை, தோசை வார்க்கும்போது வருகிற அதே வாசனை. நான்காவது சொட்டு குழாயின் நுனியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சித்தியின் மணிக்கட்டில் வளையல்கள் ஒன்றோடொன்று மோதின.

“அழுதிருங்க்கா” என்றாள் சித்தி மெல்ல. “எப்பவும்போல அழுதிருங்க.”

அம்மா அழவில்லை. கண்ணை மேலே தூக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று.

“நாளைக்கு வந்து கேட்டுக்கறேங்க்கா. அவங்க வந்துருவாங்க, நான் இன்னும் சேலகூட மாத்தல” என்று சித்தி எழுந்தாள். பாட்டிலை மூடாமலே ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கைப்பையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

நான் அவளைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தி, மேல் தாழ்ப்பாளைப் போட்டேன். ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில், அவளுக்காக வைத்தேன். பிறகு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, அட்டையை நிமிர்த்திப் பிடித்து, முதல் வரிசையிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.